வாக்குவம் கிளீனர்: அந்த இரண்டரைக் கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது?

குனியாமல் நின்றபடியே தள்ளலாம், ஒரே கையால் தூக்கலாம், வேலை முடிந்ததும் கதவுக்குப் பின்னால் ஒதுக்கி வைக்கலாம். இலகுவான வாக்குவம் கிளீனர்களை விற்பவர் சொல்லும் இந்த மூன்றும் உண்மைதான். அவ்வளவு இலகுவாக்க எதைக் குறைத்தார்கள் என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார். மோட்டார், தூசிக் கிண்ணம், ஃபில்டர், வயர், பேட்டரி என்று ஏதோ ஒன்றில் கைவைக்காமல் ஏழு கிலோ இயந்திரம் இரண்டரைக் கிலோவுக்கு இறங்காது. ஆகவே விலையைக் கேட்கும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். குறைந்தது எது? மிச்சமிருக்கும் எடையைத் தாங்கப்போவது தரையா, உங்கள் மணிக்கட்டா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் 'அப்ரைட்' என்றும் 'ஸ்டிக்' என்றும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். இரண்டும் வேறு. அப்ரைட் என்பது மோட்டாரும் சுழலும் பிரஷும் அடியில், தரையோடு தரையாக இருக்க, மேலே பையும் கைப்பிடியும் மட்டும் நிற்கும் இயந்திரம். 1908இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கேன்டன் ஊரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அவரிடமிருந்து அந்தக் காப்புரிமையை வாங்கித்தான் ஹூவர் நிறுவனம் பெரிய பெயரானது. சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம் விரித்த வீடுகளுக்காகப் பிறந்தது. வழக்கமான அப்ரைட் 6 முதல் 8 கிலோ இருக்கும். அதை இலகுவாக்கியதில் பெயர் பெற்றது ஓரெக் நிறுவனம். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்காக வந்த அதன் 8 பவுண்டு இயந்திரம் நம் கணக்கில் சுமார் 3.6 கிலோ.

நம் ஊர்க் கடைகளில் 'அப்ரைட்' என்று எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் ஸ்டிக்தான். நீளக் குழாய், நுனியில் தட்டையான வாய், குழாயின் மேலேயோ நடுவிலேயோ மோட்டாரும் கிண்ணமும். இதில் வயர் உள்ளது ஒரு ஜாதி. 2 முதல் 2.5 கிலோ, 600 முதல் 800 வாட், விலை ஏறக்குறைய 2,500 முதல் 5,000 ரூபாய். வயர் இல்லாத கார்ட்லெஸ் இன்னொரு ஜாதி. 2 முதல் 3 கிலோ, விலை 6,000 ரூபாயில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டியும் போகும். இவற்றுக்குப் போட்டி இரண்டு. தரையில் உருண்டு வரும் கேனிஸ்டர் ஒன்று. தண்ணீரையும் உறிஞ்சும் டிரம் மற்றொன்று. இரண்டும் 5,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். சுத்தம் செய்வதில் இரண்டும் ஸ்டிக்கைவிட ஒரு படி மேலேதான். ஆனால் அலமாரியிலிருந்து இறக்கிக் குழாய் மாட்ட அலுத்துப்போய் மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கும் பொருளாக அவை மாறிவிடுகின்றன. ஸ்டிக் இயந்திரத்தின் பெரிய பலம் இழுவிசையில் இல்லை, கைக்கெட்டும் இடத்தில் இருப்பதில்தான். தினமும் எடுக்கிற எண்ணூறு வாட், பரணில் தூங்குகிற ஆயிரத்து நானூறு வாட்டைவிட வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும்.

கையில் எடை, தரையில் எடை

பெட்டியில் '2.5 கிலோ' என்று போட்டிருப்பது தராசு காட்டும் எடை. கை உணர்வது அதையல்ல. மோட்டாரும் கிண்ணமும் கீழே வாய்ப்பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால், தள்ளும்போது சக்கரம் முக்கால்வாசியைச் சுமக்கும். கைக்கு வருவது அரைக் கிலோவோ அதைவிடச் சற்றுக் கூடவோதான். அதே மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தால் கிட்டத்தட்ட முழு எடையும் மணிக்கட்டில் தொங்கும். கட்டிலுக்கு அடியில் விட வேண்டி கைப்பிடியைத் தாழ்த்தினால் இன்னும் மோசம். பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அடி வலிக்க ஆரம்பிக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு 3 கிலோ கார்ட்லெஸைவிட 4 கிலோ அப்ரைட் சுகமாக இருப்பதன் காரணம் இதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எடை அடியில் இருக்கும் இயந்திரத்தை மின்விசிறி இறக்கை வரை தூக்க முடியாது. அடிப்பாகம் உயரமாக இருப்பதால் தாழ்வான கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடியில் நுழையாது. வாங்கப் போகும் முன் கட்டிலின் அடிச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நல்ல ஸ்டிக்கின் வாய் 7 முதல் 9 சென்டிமீட்டர் உயரத்தில் நுழைந்துவிடும். ஆனால் வாய் நுழைந்தால் மட்டும் போதாது. குழாய் முழுக்கத் தரையோடு படுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நடுவில் கிண்ணம் துருத்திக்கொண்டிருக்கும் மாடல்களில் வாய் உள்ளே போகும், கிண்ணம் சட்டத்தில் இடித்து நிற்கும்.

சின்ன விஷயங்கள் இரண்டு. தானாக நிற்குமா? எடை மேலே உள்ள ஸ்டிக் பெரும்பாலும் நிற்காது. ஒவ்வொரு முறை நாற்காலியை நகர்த்தும்போதும் அதைச் சுவரில் சாய்க்க வேண்டும், அது சறுக்கி விழும், விழுந்தால் முதலில் உடைவது கிண்ணத்தின் கொக்கி. அடுத்தது சுவிட்ச். சில கார்ட்லெஸ்களில் துப்பாக்கி விசைபோல அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும். பேட்டரி மிச்சமாகும் என்பது உண்மை. இருபது நிமிடம் ஒரே விரலை மடக்கி வைத்திருப்பவருக்குத்தான் அதன் விலை தெரியும்.

வாட், பாஸ்கல் என்ற மாயக்கணக்கு

'800 வாட் பவர்' என்பது இயந்திரம் மின்சாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் அளவு. தூசியை இழுக்கும் அளவு அதில் சின்ன பங்கு. மீதி வெப்பமாகவும் இரைச்சலாகவும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 2014இல் 1,600 வாட், 2017இல் 900 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பிறகும் அங்கே கம்பளங்கள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. வாயின் வடிவத்தையும் காற்றுப் பாதையையும் திருத்தி அதே வேலையைக் குறைந்த வாட்டில் செய்ய வைத்தார்கள்.

'16 கிலோபாஸ்கல் சக்ஷன்' என்பது குழாயின் வாயை முழுதாக அடைத்துவிட்டு எடுத்த அழுத்த அளவு. அடைத்த வாயில் காற்றே ஓடாது. காற்று ஓடாவிட்டால் தூசி நகராது. வாயைத் திறந்தால் காற்று பாய்கிறது, அழுத்தம் விழுந்துவிடுகிறது. வேலை நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். ஒரு தோராயக் கணக்கு போடலாம். அடைத்த நிலை அழுத்தத்தை, முழுதாகத் திறந்த நிலையில் நொடிக்கு ஓடும் காற்றின் கனமீட்டரால் பெருக்கி, நான்கால் வகுங்கள். 16,000 பாஸ்கல், நொடிக்கு 20 லிட்டர் காற்று என்றால் 16,000 × 0.020 = 320; நான்கில் ஒரு பங்கு 80. காற்று வாட், அதாவது தூசியை இழுக்கக் காற்றுக்கு உண்மையில் கிடைக்கும் திறன், அதிகபட்சம் 80தான். சில நிறுவனங்கள் காற்று வாட்டையே அச்சிடுகின்றன. கிடைத்தால் ஒப்பிட அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரைக்கு 40, 50 போதும். மெத்தைக்கும் தடித்த விரிப்புக்கும் 100ஐ எட்டினால் நல்லது. பாஸ்கல் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டுக் காற்றோட்டத்தைப் பற்றி மூச்சே விடாத பெட்டியைச் சந்தேகமாகவே பாருங்கள்.

பேட்டரியும் வயரும்

கார்ட்லெஸ் வாங்க நினைப்பவர் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போட்டே ஆக வேண்டும். 21.6 வோல்ட், 2,500 எம்.ஏ.எச். (அதாவது 2.5 ஆம்பியர்-மணி) என்று பேட்டரியில் எழுதியிருந்தால், உள்ளே 3.6 வோல்ட் செல் ஆறு வரிசையாக இருக்கிறது என்று அர்த்தம். 21.6 × 2.5 = 54 வாட்-மணி. 'டர்போ'வில் மோட்டார் 400 வாட் இழுத்தால் 54ஐ 400ஆல் வகுக்க, 8 நிமிடம். பெட்டியில் உள்ள '45 நிமிடம்' எங்கிருந்து வந்தது? அதே 54 வாட்-மணியை 45 நிமிடத்துக்கு நீட்டினால் மோட்டாருக்குக் கிடைப்பது 72 வாட். பெரும்பாலும் சுழலும் பிரஷைக் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஓடிய நேரம் அது. இரண்டு படுக்கையறை வீட்டை நிதானமாகத் தள்ள 20 முதல் 25 நிமிடம் ஆகும். நடு வேகத்தில் அந்த நேரம் தாங்குகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

லித்தியம் செல்லுக்கு நம் ஊர் வெயில் ஆகாது. வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சார்ஜர் மாட்டும் இடம் மேற்கு வெயில் படும் பால்கனியாகவோ அடுப்புக்குப் பக்கத்துச் சுவராகவோ இருக்கக் கூடாது. இந்த வகை செல்கள் 300 முதல் 500 முழுச் சார்ஜுக்குள் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது சாதாரணம். தினமும் முழுதாகக் காலி செய்து ஏற்றினால் ஒன்றரை வருடத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். காலியாகப் போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து வந்தால் சார்ஜே ஏறாமல் போகலாம்.

பேட்டரி கழற்றக்கூடியதா என்பது மோட்டாரைவிட முக்கியம். கழற்ற முடிந்தால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். உடம்போடு மூடியிருந்தால் செல் போனதோடு இயந்திரமும் போனது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் செல்லை மாற்றிக் கட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 21.6 வோல்ட்டில் 400 வாட் என்றால் ஏறக்குறைய 18.5 ஆம்பியர் மின்னோட்டம். பவர் பேங்க்குக்குப் போடும் செல் அதைத் தராது. மின்னழுத்தம் சரிந்து பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும், இல்லையென்றால் செல் கொதிக்கும். அதிக மின்னோட்டம் தரும் செல்தான் போடுகிறாரா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். ஆறில் ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம். பழைய ஐந்தில் நைந்தது எதுவோ, மொத்த வரிசையும் அதன் அளவுக்குத்தான் ஓடும்.

வயர் உள்ளதற்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அதற்கு வேறு கவலை. 5 மீட்டர் வயர் என்றால் பிளக்கிலிருந்து ஐந்து மீட்டர் போகலாம் என்று நினைக்கிறோம். சுவரில் சுவிட்ச் பாயின்ட் இருக்கும் உயரம், சோபாவைச் சுற்றி வளைந்து போவது, கைப்பிடி வரை ஏறுவது எல்லாம் கழிந்தால் மூன்று, மூன்றரை மீட்டர்தான் மிச்சம். ஒரு நூலை எடுத்து, பாயின்டிலிருந்து அறையின் கடைசி மூலைக்கு, சாமான்களைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். 800 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர்தான் எடுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். எக்ஸ்டென்ஷன் போடுவதானால் வயர் 1 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் போடாதீர்கள். 850 வி.ஏ. இன்வெர்ட்டர் உண்மையில் தருவது 700 வாட்டை ஒட்டித்தான், மோட்டார் கிளம்பும் உதைப்பிலேயே ட்ரிப் ஆகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் திரும்பும்போது நல்ல அப்ரைட்டைக் கொண்டுவந்துவிடுவார்கள். வயர் உள்ள இயந்திரமானால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230இல் செருகினால் புகைதான். இறக்கித் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம், ஆனால் அவ்வளவு வாட்டுக்கு ட்ரான்ஸ்ஃபார்மரே இயந்திரத்தைவிடக் கனக்கும். கார்ட்லெஸ் என்றால் சார்ஜர் லேபிளைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும்.

டைல்ஸில் உளுந்தும் தலைமுடியும்

அப்ரைட்டின் சுழலும் முள் பிரஷ் கம்பளத்தைத் தட்டி உள்ளே புதைந்த மண்ணைக் கிளப்ப உண்டானது. அதையே வழுவழுப்பான டைல்ஸில் ஓட்டினால் சிந்திய உளுந்தம்பருப்பை மூன்றடி தூரம் சிதறடிக்கும். நம் தரைக்கு வேண்டியது பஞ்சுபோன்ற மென்மையான ரோலர். இல்லாவிட்டால் ரோலரே இல்லாத, முன்பக்கம் திறந்த வாய். முன் உதடு மூடிய வாய் பருப்பை உள்ளே இழுக்காமல் பனைமட்டையால் தள்ளுவதுபோல முன்னே தள்ளிக்கொண்டே போகும். டைல்ஸ் இடுக்கு இன்னொரு சோதனை. மென்ரோலர் மேற்பரப்பைப் பளிச்சென்று துடைத்துவிடும், இடுக்கில் இறங்கிய மண்ணை எடுக்காது. அதற்குக் காற்றின் இழுப்புதான் வேண்டும். மொசைக் தரையிலும் சிவப்புக் காவித் தரையிலும் இந்தப் பிரச்சினையே இல்லை. ஆத்தங்குடிக் கல் போட்ட வீடானால் சக்கரங்களில் ரப்பர் பட்டை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கடினப் பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒரு மணல் துகள் ஒட்டினால் போதும், மெருகில் கோடு விழும்.

ஜமுக்காளத்தில் சுழலும் பிரஷை ஓட்டவே கூடாது. ஓரக் குஞ்சத்தைச் சுருட்டி இழுத்துப் பெல்ட்டை அறுத்துக்கொள்ளும். பிரஷை அணைத்துவிட்டு, ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓட்டுங்கள். கோரைப்பாயில் கோரை போகும் திசையிலேயே ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் நார் பிரியும்.

பிறகு தலைமுடி. நீளக் கூந்தல் உள்ள இருவர் இருக்கும் வீட்டில் ஒரே வாரத்தில் ரோலர் கயிறு திரித்ததுபோல ஆகிவிடும். பூச்சரத்திலிருந்து உதிரும் நாரும் நூலும் அதைவிட மோசம், அறுபடவே அறுபடாது. ரோலரின் நடுவில் சுற்றியது கண்ணுக்குத் தெரியும், அதனால் ஆபத்தில்லை. இரண்டு முனையிலும் மூடிக்குள் புகுந்து பேரிங்கைச் சுற்றுவதுதான் ரோலரைக் கொல்கிறது. இயந்திரத்தை அணைத்து, பிளக்கை எடுத்து, வாயைத் திருப்பிப் போடுங்கள். பக்கவாட்டுப் பூட்டை ஒரு நாணயத்தால் திருகினால் ரோலர் வெளியே வரும். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை ரோலரின் பள்ளத்தோடு நீளவாக்கில் இழுத்தால் சுற்றியதெல்லாம் ஒரே வெட்டில் பிரியும். முனை மூடிகளைக் கழற்றி உள்ளே இருப்பதைப் பிடுங்கி எடுங்கள். ரோலரைக் கழற்றவே முடியாத மாடலை, கூந்தல் உள்ள வீட்டுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கிண்ணமும் ஃபில்டரும்

இலகு இயந்திரத்தின் கிண்ணம் 0.4 முதல் 0.8 லிட்டர். அதிலும் கோடு போட்ட அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. தினசரித் தரைத் தூசிக்கு மூன்று நாள் வரும், மெத்தைக்கு எடுத்தால் ஒரே மெத்தையில் நிரம்பும். காலி செய்யும்போது கிண்ணத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, வாயைக் கையால் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். இல்லையென்றால் உறிஞ்சியதில் கால்வாசி உங்கள் மூக்குக்கே திரும்பி வரும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்குப் பை போட்ட இயந்திரம் மேல் என்று சொல்வது இதனால்தான், பையோடு எறிந்துவிடலாம். ஆனால் அந்தப் பை உங்கள் ஊரில் தொடர்ந்து கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

'ஹெபா ஃபில்டர்' என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஐரோப்பிய அளவுகோலில் எச்13 என்றால், பிடிக்கவே மிகக் கடினமான அளவுள்ள துகள்களில் 99.95 சதவீதத்தை நிறுத்த வேண்டும். ஃபில்டர் அப்படியே இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லையென்றால் தூசி சுற்றுவழியாக வெளியே போய்விடும். எளிய சோதனை இருக்கிறது. அறையை இருட்டாக்கி, காற்று வெளிவரும் துளைகளுக்குக் குறுக்கே டார்ச் அடித்தபடி, தரையில் கொஞ்சம் மாவைச் சிந்தி உறிஞ்சுங்கள். ஒளிக்கற்றையில் துகள் மினுங்கினால் கசிகிறது. காற்று வெளிவரும் இடத்தையும் கவனியுங்கள். சில கார்ட்லெஸ்களில் அது நேராக முகத்துக்கு அடிக்கும். அடியில் மோட்டார் உள்ளவற்றில் தரைக்கு அடித்து, முன்னே கிடக்கும் தூசியைப் பறக்கவிடும்.

சில பொருள்கள் இந்த ஃபில்டர்களுக்கு எமன். கோலப்பொடி கல் அரைத்த மாவு, மடிப்புகளுக்குள் சிமென்ட்போல இறுகும். விபூதி, மஞ்சள்தூள், முகப் பவுடர் எல்லாம் அதே ரகம். வீட்டுக்குப் பட்டி பார்த்துத் தேய்த்த தூசியை இரண்டே நிமிடம் இழுத்தால் இழுப்பு நின்றுவிடும். அந்த வேலைக்கு டிரம் இயந்திரமோ ஈரத்துணியோதான். ஊதுவத்திச் சாம்பலிலும் கொசுவத்திச் சாம்பலிலும் கங்கு மறைந்திருக்கலாம், கிண்ணத்தில் இருக்கும் பஞ்சும் முடியும் பற்றிக்கொள்ளும். தீபாவளி மறுநாள் வாசலில் கிடக்கும் பட்டாசுக் காகிதத்தைத் துடைப்பத்தால்தான் கூட்ட வேண்டும். உள்ளே வெடிக்காத மருந்து இருக்கும்.

ஃபில்டரைக் கழுவுவதில்தான் நிறையப் பேர் இயந்திரத்தைக் கெடுக்கிறார்கள். கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் கழுவுங்கள். முதலில் உலர்ந்தபடியே தட்டி உதறிவிட்டு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீர் விடுங்கள். சோப்பும் தேய்ப்பும் வேண்டாம். நிழலில் காற்றாட 24 மணி நேரம் காய வேண்டும். கார்த்திகை மழையில் இரண்டு நாள்கூட ஆகும். தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றும், மடிப்புக்குள் ஈரம் இருக்கும். அதை மாட்டி ஓட்டினால் ஈரத்தில் தூசி சேறாகி அடைக்கும், நாற்றம் பிடிக்கும், ஈரம் மோட்டாருக்கும் போகும். மாற்று ஃபில்டர் ஒன்று கையில் இருந்தால் இந்த அவசரமே வராது.

சத்தம் சொல்லும் கோளாறு

ஓடும்போது ஒலி கீச்சென்று உயர்ந்து இழுப்பு குறைந்தால் எங்கோ அடைத்திருக்கிறது. தள்ளக் காற்று இல்லாததால் மோட்டாருக்குச் சுமை குறைந்து வேகம் ஏறுவதன் சத்தம் அது. பார்க்க வேண்டிய இடம் நான்கு: வாய் மடங்கும் கழுத்து, குழாய், கிண்ணத்தின் நுழைவழி, ஃபில்டர். கழுத்தில்தான் பெரும்பாலும் மிட்டாய்க் காகிதமோ சாக்ஸோ மாட்டியிருக்கும். அடைப்போடு ஓட்டிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறி, வெப்பக் காப்பு தானாக அணைத்துவிடும். ஆற அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இயந்திரம் செத்துவிட்டது என்று அதற்குள் சர்வீஸுக்குப் போன் போடாதீர்கள். கார்ட்லெஸ்ஸில் இதே அடைப்பு, விட்டுவிட்டு ஓடி நிற்பதாக வெளிப்படும். பேட்டரி போய்விட்டது என்று நினைக்கும் முன் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நொடி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு நொடிக்கு மேல் ஃபில்டர் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

ரப்பர் கருகும் வாடை வந்தால் ரோலர் நின்றுபோய்ப் பெல்ட் வழுக்குகிறது. வயர் உள்ள இயந்திரத்தில் நீலப் பொறியும் காரமான நெடியும் வந்தால், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மிக்சி பழுது பார்க்கும் கடைகளிலேயே அளவு பார்த்துப் போட்டுவிடுவார்கள், பெரிய செலவில்லை. நல்ல கார்ட்லெஸ்களின் மோட்டாரில் கார்பனே கிடையாது. தேய்மானம் குறைவு, ஆனால் சர்க்யூட் போர்டு போனால் தெருமுனைக் கடையில் வேலை நடக்காது.

எந்த வீட்டுக்கு எது

டைல்ஸ் தரை, மூன்று நான்கு பேர், தினமும் ஒரு முறை என்றால் கழற்றும் பேட்டரியும் மென்ரோலரும் உள்ள நடுத்தர விலைக் கார்ட்லெஸ். பணத்தைப் பார்ப்பவர்களுக்கு வயர் உள்ள ஸ்டிக் பாதி விலையில் முக்கால்வாசி வேலையைச் செய்யும், ஐந்தாறு வருடம் உழைக்கும். என்னைக் கேட்டால் முதல்முறை வாங்குபவர் இதிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். இந்தப் பழக்கம் வீட்டில் ஒட்டுகிறதா என்று மூவாயிரம் ரூபாயில் தெரிந்துவிடும்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் ரோலர் கழற்றும் வசதியை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். மெத்தையும் சோபாவும்தான் குறி என்றால் ஸ்டிக்கே வேண்டாம், கேனிஸ்டர். இலவம்பஞ்சு மெத்தையானால் உறையின் நெசவு நெருக்கமாக இருந்தால் மட்டும் உறிஞ்சுங்கள், தளர்ந்த துணியில் பஞ்சே வெளியே வரும். கார், மொட்டை மாடி, மழைத் தண்ணீர், கட்டட வேலை எல்லாம் டிரம்மின் பேட்டை. லண்டனிலோ டொராண்டோவிலோ கம்பளம் போட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி தலைகீழ். அங்கே முள் பிரஷ் உள்ள உண்மையான அப்ரைட்தான் சரி. மாடிப்படியும் கம்பளமானால் மட்டும் தூக்கிப் பிடிக்கும் ஸ்டிக் ஒன்று துணைக்கு வேண்டியிருக்கும்.

தரை மட்டும்தான், அதையும் வேலைக்கு வரும் அக்கா தினம் பெருக்கித் துடைக்கிறார் என்றால் எதுவுமே வாங்காமல் இருப்பதும் நியாயமான முடிவு. பூந்துடைப்பத்துக்கு ஃபில்டர் கிடையாது. வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் அவரையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளப்போவது அவர்தான்.

கடைக்குப் போகும்போது ஒரு பொட்டலத்தில் கொஞ்சம் ரவை, பத்துப் பதினைந்து உளுந்து, சீப்பில் வந்த முடி ஒரு சுருள் கட்டி எடுத்துப் போங்கள். தரையில் தூவி, நடு வேகத்தில் ஒரே ஒரு தடவை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். சுவரோரமாகவும் ஒரு தடவை. ஓரத்தில் இரண்டு விரற்கடைக்கு மேல் ரவை மிச்சமிருந்தால் மூலை முடுக்குக்கு அது உதவாது. பிறகு நீங்களே வாங்கி, கையை நீட்டி, இடுப்புயரத்தில் ஒரு நிமிடம் முழுதாகப் பிடித்துப் பாருங்கள். விற்பவர் பேசிக்கொண்டிருக்கட்டும்.

பில் போடும் முன் ஃபில்டர், ரோலர், பேட்டரி, சார்ஜர் நான்குக்கும் தனி விலை கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். மோட்டாருக்கு இரண்டு வருட வாரண்டி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். பேட்டரிக்கு எத்தனை மாதம் என்பது உள்ளே மடித்து வைத்த அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், பிரித்துப் படியுங்கள். ஃபில்டர் 'வரவழைத்துத் தரலாம்' என்று இழுத்தால், ஒன்றிரண்டை அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள்.